காக்கா இருந்த ஒழுங்கை

எங்கள் ஊரில் ஓர் ஆணைப் பார்த்து "எங்க இரிக்கீங்க?" என்று கேட்கமாட்டார்கள். "எங்க கலியாணம் முடிச்சிரிக்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். இரண்டும் ஒரே கேள்விதான். கல்முனையிலும் சுற்றியுள்ள எங்கள் ஊர்களிலும் வீடு என்பது பெண்ணுக்கு உரியது. பெண்பிள்ளை பிறந்துவிட்டால் தகப்பன் செங்கல்லுக்கு அலையத் தொடங்குவான். அவள் வளர்ந்ததும் அந்த வீட்டுக்கு ஒரு மாப்பிள்ளை வந்து சேர்வான். ஆண்பிள்ளை பிறந்த வீட்டில் இருப்பது பஸ் தரிப்பிடத்தில் நிற்பது மாதிரி. பஸ் வரும்வரை நிற்கலாம், அவ்வளவுதான். இதையெல்லாம் இப்போது இப்படி எழுதுகிறேனே தவிர, இருபது வயதில் நான் இதை நினைத்துப் பார்த்ததே இல்லை. வீடு எனக்கு என்று சொன்னார்கள், நானும் சரி என்று இருந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கலியாணம் பேசி முடித்தார்கள். வாப்பா மௌத்தாகி எட்டு வருஷம். வாப்பா இல்லாத பெண்ணுக்குக் கூடப்பிறந்த ஆண்தான் நிக்காஹ்வுக்கு வலியாக நிற்க வேண்டும். அதாவது, அவளை மாப்பிள்ளையின் கையில் ஒப்படைக்கிற பொறுப்பு அவனுடையது. எனக்கு இருந்தது ஒரே ஒரு காக்கா, ஒரே அண்ணன். அவர் கொழும்புக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. நாடகத் திரைச்சீலைகளில் படம் கீறுகிறார் என்று கேள்வி. அந்த மூன்று வருஷத்தில் மூன்று கடிதம் வந்தது. மூன்றும் சேர்ந்து ஒரு பக்கம் வராது. ஆனால் ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஏதாவது கீறியிருப்பார். ஒரு பூனை, ஒரு கதவு, கடலைப் பார்த்து இறங்கும் ஒரு ஒழுங்கை, ஒடுங்கிய சின்னத் தெரு.

காக்கா வராவிட்டால் கலியாணம் நின்றுவிடாது. அவர் ஒரு கடிதம் எழுதிப் பெரியவாப்பாவுக்கு அதிகாரம் கொடுத்தால் போதும் என்று பள்ளிவாசல் லெப்பை சொன்னார். எல்லாருக்கும் அது போதுமாக இருந்தது, எனக்குப் போதவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கடிதம் வந்து என்ட கலியாணத்த நடத்துமா? காக்கா வராட்டி எனக்கு இந்தக் கலியாணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். உம்மா இரண்டு நாள் பார்த்தா. மூன்றாம் நாள் பெட்டியில் உடுப்பை மடித்து வைக்கத் தொடங்கினா.

துணைக்கு மாமா வந்தார். உம்மாவின் தம்பி. துணி எடுக்க மாதம் ஒருமுறை கொழும்புக்குப் போகிறவர். மாமாவோடு பயணம் போவதென்றால் சிக்கனத்தோடு பயணம் போவதென்று அர்த்தம். விடியற்காலை பஸ்ஸில் மட்டக்களப்பு, அங்கிருந்து கோச்சியில், ரயிலில்தான், மூன்றாம் வகுப்பு. சாப்பாடு உம்மா கட்டிய சோற்றுப் பார்சல். தண்ணீர் கூட எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர், போத்தலில். மருதானையில் மாமாவுக்குத் தெரிந்த வீட்டில் இரண்டு இரவு படுக்க இடம். மறுநாள் காலையில் பம்பலப்பிட்டி வரை கொண்டுவந்து விட்டவர், "நாலு மணிக்கு இந்த இடத்துல நில்லுங்க. அதுவரைக்கும் ஒண்டும் வாங்காதீங்க. இந்தப் பக்கம் காத்துக்கும் காசு கேப்பானுகள்" என்று சொல்லிவிட்டுப் புறக்கோட்டைக்குப் போய்விட்டார்.

எங்களிடம் இருந்த முகவரியில் ஒழுங்கையின் பெயர் இருந்தது, வீட்டு இலக்கம் இல்லை. 'நீலப் படலை' என்று மட்டும் காக்கா எழுதியிருந்தார். ஒழுங்கைக்குள் திரும்பியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கே வீதியோர வாசற்கதவுகளில் ஒரு படலைகூட ஒரே நிறத்தில் இல்லை. ஒன்றில் பாதி மஞ்சள், ஒன்றில் மீன், ஒன்றில் கண். நீலம் மட்டும் ஐந்தாறு. அப்படியே மேலும் கீழுமாக அந்த ஒழுங்கையை நானும் உம்மாவும் நடந்தோம். அந்தப் பக்கம் முடியும் இடத்தில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கடல் எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எங்கள் கடல் சூரியன் எழும்புகிற பக்கம். இது விழுகிற பக்கம் என்பதால் உம்மாவுக்கு அது கடலாகவே தெரியவில்லை.

பழைய பறங்கியர் வீடுகள். ஓடு சரிந்த முகப்பு, அகலமான விராந்தை. எந்த வீட்டிலும் திரை இல்லை, கதவு சாத்தியிருக்கவில்லை. எங்கள் ஊரில் வீதியில் போகிறவன் கண்ணுக்கு வீட்டின் உள்பக்கம் தெரிந்தால் அது மானக்கேடு. இங்கே ஒவ்வொரு வீடும் தன் வயிற்றைத் திறந்து காட்டிக்கொண்டு இருந்தது. ஒரு விராந்தையில் தாடிக்காரன் ஒருவன் நெஞ்சில் கிற்றாரை வைத்துக்கொண்டு பத்து மணிக்கு நித்திரை. "சுகமில்லாத பிள்ள போல" என்றா உம்மா. ஒரு வீட்டு வளவில் பத்திக் வேலைக்கு மெழுகு பூசிய துணிகளைக் கயிற்றில் காயப் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு நடுவில் செருப்பில்லாத வெள்ளைக்காரி ஒருத்தி எங்களைப் பார்த்து ஏதோ பழகியவள் மாதிரிக் கையசைத்தாள். உம்மா முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டா, ஆனால் கையையும் அசைத்தா.

இன்னொரு வளவில் ஒருவன் ஒருத்தியைப் பார்த்துச் சிங்களத்தில் கத்திக்கொண்டிருந்தான். அவள் முழங்காலில் விழுந்து அழுதாள். உம்மா படலையைப் பிடித்துக்கொண்டு, "அல்லாஹ்வே, அடிக்கப் போறான், ஆரும் பார்க்கமாட்டயளா?" என்றா. அடுத்த நிமிஷம் அவள் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு அவனிடம் சிகரெட் வாங்கிப் பற்றவைத்தாள். நாடக ஒத்திகை. நான் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. பொய்க்கு இவ்வளவு அழுகிறவள் உண்மைக்கு எப்படி அழுவாள் என்று கேட்டா.  அந்தப் பெண் ஜன்னலில் ஏறிக் குந்தி, காலைத் தொங்கப்போட்டுப் புகைவிட்ட விதத்தை நான் நெடுநேரம் பார்த்தேன். பிழையென்று நினைத்தேன். பொறாமையும் பட்டேன். இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அங்கே ஒரு சின்னத் தேநீர்க்கடை. ஒரு பிளேன்டீ வாங்கி இருவரும் பங்கு வைத்தோம். கடைக்காரர் எங்களை யார் என்று கேட்கவில்லை. எந்த ஊர், யாருடைய பிள்ளை, எதற்கு வந்தீர்கள், ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் ஒரு பிளேன்டீ குடித்து முடிவதற்குள் நம் ஏழு தலைமுறையையும் விசாரித்துவிடுவார்கள். கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. உம்மாவுக்கு அது அவமரியாதை. கடைசியில் உம்மாவே "எங்கட மகன் இஞ்சதான் இரிக்கார், படம் கீறுறவர்" என்று தமிழில் சொல்ல, அவர் காற்றில் தூரிகை பிடிப்பது போலக் காட்டிச் சிரித்து, எதிரே இருந்த நீலப் படலையைக் கை நீட்டிக் காட்டினார்.

படலையைத் திறந்தால் முற்றத்தில் காக்கா. முடி தோள்வரை வளர்ந்திருந்தது, இடுப்புச் சாரத்தில் எல்லா நிறமும் தெறித்திருந்தது. உம்மாவைக் கண்டதும் தூரிகையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, அவவின் கையைப் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டார்.  அப்போதுதான் உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தா. முப்பத்தைந்து வயதிருக்கும். கைவைக்காத கவுன், வெள்ளைத் தோல், நாங்கள் பறங்கி என்று சொல்லும் ஆட்கள். எங்களைக் கண்டு இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டா.

உம்மா சுற்றிப் பார்த்தா. சுவர் முழுக்கப் படம். நெல்வயல், யானை, தோணி, குடை பிடித்த மனிதர்கள், கூரைவரை. "பாவம் இந்தப் பிள்ளைட சுவரெல்லாம்" என்று என் காதில் சொன்னா. பிறகு காக்காவைப் பார்த்து, "இது ஆர்ர ஊடு மகன்?" என்றா.

"இவட ஊடுதான் உம்மா."

அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரிக்கு அதற்கு மேல் ஒரு கேள்வி தேவையில்லை. ஒரு பெண்ணின் வீட்டில் ஒரு ஆண் இருக்கிறான் என்றால் அவன் அந்த வீட்டு மாப்பிள்ளை. வேறு எந்த வகையிலும் ஒரு ஆண் ஒரு பெண்ணின் வீட்டில் இருக்க முடியும் என்பது உம்மாவின் அகராதியில் இல்லை. உண்மையைச் சொன்னால் என் அகராதியிலும் இல்லை. 

உம்மா தண்ணீர் கேட்டுக் குடித்தா. பிறகு மெதுவாக, "ஒரு கடிதம் போட்டிரிக்கலாமே மகன்" என்றா.

கடிதம் எழுதாத குற்றத்தைத்தான் சொல்கிறா என்று காக்கா நினைத்துக்கொண்டார். "போடத்தான் இரிந்த உம்மா. வெக்கமா இரிந்திச்சி. மன்னிச்சிக்கங்க."

"வெக்கம்தானே," என்றா உம்மா. என் பக்கம் குனிந்து, "இஸ்லாத்துக்கு வந்து கலிமா சொல்லியிரிப்பாதானே? சொல்லாம இவன் ஊட்டுக்குள்ள போவானா" என்று தானே கேட்டுத் தானே முடித்தா. "கொஞ்சம் மூத்தவதான். பரவாயில்ல." பிறகு எழுந்து போய், தன் இடது கைக் காப்பைச் சுழற்றிக் கழற்றி, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப் போட்டுவிட்டா. மருமகளை முதன்முதலாகப் பார்க்கும்போது வெறுங்கையோடு பார்க்கக் கூடாது. அது எங்கள் வழக்கம். அந்தப் பெண் திகைத்துப் போய், பிறகு சிரித்து, உம்மாவின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டா.

அப்போதுதான் காக்காவுக்கு விளங்கியது. வாயைத் திறந்தார். ஆனால் உம்மா முந்திக்கொண்டு, "இனி எனக்குப் பயமில்ல மகன். நீயும் ஒரு ஊட்டுக்குப் போயிட்டாய். அல்ஹம்துலில்லாஹ்" என்றா. காக்கா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

அன்று பின்னேரம்வரை காக்கா எங்களை அந்த ஒழுங்கை முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிந்தார். எங்கும் காசு கேட்கவில்லை, மாமா சொன்னது பொய். களிமண்ணில் தலை செய்கிறவர் வீடு, மெழுகுத் துணிக்காரி வீடு, பழைய பியானோவைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி சேர்க்கத் தெரியாமல் இருந்த ஒருவர் வீடு. ஒவ்வொருவரும் பாணோ வாழைப்பழமோ இருந்ததைத் தந்தார்கள். உம்மா எல்லாரிடமும் தமிழில் நலம் விசாரித்தா. இவர்களெல்லாம் மகனின் மனைவியுடைய சொந்தக்காரர்கள் என்ற எண்ணத்தில் விசாரித்தா என்பது பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. கலியாணத்துக்கு வருகிறாரா என்று நான் காக்காவிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் வேறு ஏதோ ஒன்றைக் காட்டினார்.

மறுநாள் நாங்கள் போனபோது அந்தப் பெண் என்னை மட்டும் குசினிக்குள் கூப்பிட்டா. கைக்குட்டையில் சுற்றிய காப்பை என் கையில் வைத்து, எனக்கு விளங்கும்படி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னா. இது என்னவென்று காக்கா அவவிடம் சொல்லிவிட்டாராம். "நான் அவருடைய மனைவி இல்லை. பின்பக்க விராந்தையை அவருக்குக் கொடுத்திருக்கிறேன், வாடகைக்குப் பதிலாகச் சுவரில் படம் கீறுகிறார். உன் தாய் நல்ல பெண், அவவை ஏமாற்ற எனக்கு மனமில்லை." அவ கதவைத் திறந்து அந்த விராந்தையைக் காட்டினா. பெயின்ட் டின்கள், சுருட்டிய ஒரு பாய், ஒரு தலையணை. ஒரு பக்கம் சுவரே இல்லை.

உம்மாவை அந்தப் பெண்ணோடு விட்டுவிட்டு, காக்காவை ரயில் பாதை வரை இழுத்துக்கொண்டு போனேன். எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"உம்மாக்கு ஏன் பொய் சொன்ன?"

"நான் ஒரு சொல்லும் சொல்லல்ல. உம்மாதான் சொன்னா." கல்லொன்றை எடுத்துக் கடலுக்கு எறிந்தார். "எவ்வளவு சந்தோசம் பாத்தாயா? நான் அவவ அப்பிடிச் சிரிக்க வெச்சதே இல்ல."

"அது கிடக்கட்டும். கலியாணத்துக்கு வாறதா இல்லயா?"

"கடிதம் தாறன் தங்கச்சி. லெப்பைட்டக் குடு. அது காணும்."

"காணாது."

இன்னொரு கல்லை எடுத்து எறிந்தார். பிறகு, "சின்னதில நான் கரிக்கட்டியால சுவர்ல கீறுவன், ஞாபகமா?" என்றார். "வாப்பா அடிக்கமாட்டார். 'அது தங்கச்சிட சுவர் மகன், பழுதாக்காத' எண்டுவார். அடிச்சிரிந்தா மறந்திரிப்பன். இஞ்ச வந்த முதல் நாள் இந்த மனிசி சொன்னா, சுவர் சும்மாதானே கிடக்கு, கீறு எண்டு. அதுக்காகத்தான் இஞ்ச இரிக்கன்." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "வலி எண்டா மாப்பிள்ளய நான்தான் கைபிடிச்சு உள்ள கொண்டு வரணும். கொண்டு வந்து இருத்திட்டு நான் எங்க போற?"

நான் வெடித்தேன். "அதுக்கு நான் என்ன செய்யிற? பொம்புளயாப் பிறந்தது என்ட குத்தமா? எனக்கு ஊடு வேணும் எண்டு நான் அழுதனா? என்ட ஊடுதானே, நான் சொல்றன், நீங்க எப்ப வேண்டாலும் வாங்க, எவ்வளவு நாள் வேண்டாலும் இரிங்க!" காக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "இப்ப சொல்லுவாய்" என்றார். வருகிறேன் என்றோ இல்லை என்றோ சொல்லவில்லை. அன்று மாலை எங்களை வழியனுப்பும்போது கையில் ஒரு கடித உறையை வைத்தார். பிரிக்காமலே தெரியும், அது லெப்பைக்கு.

திரும்பும் கோச்சியில் காப்பை உம்மாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மறைத்து வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உம்மா காப்பை இடது கையில் திரும்பப் போட்டுக்கொண்டா. "நல்ல மனிசி. காப்பத் திருப்பித் தந்திரிக்கா" என்றா. பிறகு, "அப்ப அவன் எங்க படுக்கிற?" என்று கேட்டா.

"பின்னுக்கு, விராந்தயில."

மகன் கலியாணம் முடிக்கவில்லை என்பதற்கு உம்மா அழவில்லை. மழைக்கு என்ன செய்கிறான் என்று கேட்டுத்தான் அழுதா.

கலியாண நாள் காலையில் பெரியவாப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கடித உறையைப் பையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். பத்து மணிபோலப் படலையில் சத்தம். காக்கா. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். செருப்பைக் கழற்றாமலே உள்ளே நுழைந்து, "தண்ணி தாங்க, தொண்ட காயுது" என்று கத்திக்கொண்டு குசினிவரை போனார். எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகு ஆட்கள் உட்கார வாங்கு சுமந்தார், பந்தல் கட்டினார், இறைச்சிக் கறியில் உப்புப் பார்த்தார், என் அறைக்குள் பத்து முறை வந்து என் உடுப்பைக் கேலி செய்தார். மாப்பிள்ளை வந்ததும் அவரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்து, வாப்பா உட்காரும் இடத்தில் உட்கார வைத்தார். அறைக்குள் இருந்தபடி நிக்காஹ் ஓதுவதைக் கேட்டேன். காக்காவின் குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. அந்த நேரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நான் கேட்டது நடந்துவிட்டது என்ற சந்தோஷம் அது.

பின்னேரம், சாப்பாடெல்லாம் முடிந்து, மாப்பிள்ளை அடுத்த அறையில் தன் ஆட்களோடு இருந்தார். நான் அறையில் கட்டிலில் இருந்தேன். வாசலில் யாரோ செருமும் சத்தம் கேட்டது. பெண்கள் இருக்கும் வீட்டுக்கு வரும் வெளி ஆண்கள் அப்படித்தான் செருமிவிட்டு நிற்பார்கள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எட்டிப் பார்த்தேன். காக்கா. தோளில் பை, பஸ்ஸுக்குப் போக நேரமாகிவிட்டது. செருப்பைப் படிக்குக் கீழே ஒழுங்காகச் சோடியாக வைத்திருந்தார். வாசல் நிலைக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா?" என்று கேட்டார்.

கேலிக்குக் கேட்கிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. எத்தனையோ பதில் இருந்தது. ரயில் பாதையில் நின்று கத்தியதையெல்லாம் மறுபடி கத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த அறையில் மாப்பிள்ளை வீட்டார் இருந்தார்கள், அன்றுதான் எனக்குப் புருஷன் வந்திருந்தார். நான் எழுந்து நின்று, "வாங்க, இரிங்க" என்றேன். விருந்தாளிக்குச் சொல்வது போலவே என் வாயில் அது வந்தது.

அவர் வந்து கதிரையின் நுனியில் இருந்தார்.